அடங்காக் குதிரையை என் செய்வது?



இல்லறத்தில் இருந்துகொண்டு தம்மத்தைப் பின்பற்றும் நமக்குச் சோதனை எங்கே வருகிறது? விகாரையில் மலரும் விளக்கும் வைத்து வணங்கும் பொழுதில் வருவதில்லை. அங்கே பொய் சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் நேர்வதில்லை. ஒரு பொருள் கைமாறும் இடத்தில்தான், வாங்கும்போதும் விற்கும்போதும்தான், நாம் ஏற்றுக்கொண்ட ஐந்து சீலங்களும் உரைகல்லில் தேய்க்கப்படுகின்றன. இன்று நாம் ஆராயப் புகும் பொருள் ஒரு குதிரை. ஏறுவோனுக்கு அடங்காத குதிரையை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்பது கேள்வி. இதற்கும் தம்மோபதேசத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். பகவான் புத்தரை நாம் நாள்தோறும் போற்றும் நாமங்களுள் ‘புரிசதம்மசாரதி’ என்பதும் ஒன்றன்றோ? பழக்கத்தக்க மனிதரைப் பழக்கிச் செலுத்தும் சாரதி என்பது அதன் பொருள். ஆகவே, குதிரையைப் பற்றிய பேச்சு நம் நெறிக்குப் புறம்பானதன்று.

பெங்களூரை அடுத்து வாழும் உபாசகர் ஒருவர் இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தார். அவரிடம் உள்ளது பந்தயத்தில் ஓடி, வேகம் போதாதென்று கழிக்கப்பட்ட ஆறு வயதுக் குதிரை. காலையில் ஏறிச் செல்வதற்கென்று ஆசையோடு வாங்கினார். முதல் மாதத்தில் ஒரு முறை அவரைத் தள்ளியது. இரண்டாம் முறை தள்ளியபோது அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இல்லத்தரசியார், “இன்றே அதை விற்றுவிடுங்கள்” என்கிறார். நண்பர்கள், “ஒரு குதிரைக்கு அஞ்சிவிட்டாயே” என்று நகைக்கிறார்கள். தரகர் ஒருவர் வந்து வேறொரு வழி கூறினார். தம் பதினான்கு வயது மகனுக்குச் சாதுவான குதிரை வேண்டுமென்று ஒருவர் தேடுகிறாராம். அவர் பார்க்க வரும் நாளுக்கு முன்னிரவு குதிரைக்குத் தண்ணீர் காட்டாமல், விடியற்காலையில் நன்றாக ஓட்டிக் களைப்படையச் செய்துவிட்டால், அது பசுவைப் போல் நிற்குமாம். நல்ல விலையும் கிடைக்குமாம்.

அன்பர்களே, இங்கே தொங்கிக்கொண்டிருப்பது ஒரு குதிரையின் விலை மட்டுமா? முன்பின் அறியாத ஒரு சிறுவனுடைய கழுத்தெலும்பும் அதே தராசில் தொங்குகிறது.

விற்பதா, வைத்திருப்பதா என்று கேட்பதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இக்குதிரை எதனால் அடங்கவில்லை? துக்கம் உண்டு, துக்கத்துக்குக் காரணம் உண்டு, அதற்கு நீக்கம் உண்டு, நீக்கத்துக்கு வழி உண்டு என்பதே பகவான் கண்ட நான்கு வாய்மைகள். காரணத்தை ஆராயாமல் நேரே நீக்கத்துக்குத் தாவுகின்றவன் மூன்றாம் படியில் கால் வைக்க முயன்று முதற்படியில் விழுவான். ஆலையில் தறி ஓட்டியவர்கள் இதை அறிவார்கள். பாவு இழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், தறியைத் திட்டுவதில்லை, தறியை விற்பதுமில்லை. விசை மிகுந்துவிட்டதா, காற்றில் ஈரம் குறைந்துவிட்டதா, நாடாவின் முனை தேய்ந்து பிசிறு தட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். உயிரற்ற தறிக்கு அளிக்கும் அந்தப் பொறுமையை உயிருள்ள குதிரைக்கு அளிக்க மறுப்பது நியாயமாகுமா?

ஜாதகக் கதைகளில் கிரிதந்த ஜாதகம் என்பது ஒன்று. காசியை ஆண்ட சாமன் என்னும் அரசனிடம் பாண்டவன் என்ற மங்கலக் குதிரை இருந்தது. நல்ல உடலும் நல்ல நடையும் கொண்ட அக்குதிரை ஒரு காலத்தில் திடீரென்று நொண்டத் தொடங்கியது. வைத்தியர்கள் வந்து பார்த்து, உடலில் நோய் எதுவும் இல்லை என்றனர். அப்பிறப்பில் அமைச்சராயிருந்த போதிசத்துவர் லாயத்துக்குச் சென்று கவனித்தார். புதிதாக அமர்த்தப்பட்ட குதிரைக்காரனாகிய கிரிதந்தன் கால் ஊனமானவன். அவன் கடிவாளத்தைப் பிடித்து முன்னே நடக்க, தனக்கு இவ்வாறு நடக்கக் கற்பிக்கிறான் போலும் என்று எண்ணிக் குதிரையும் அவனைப் போலவே நடந்தது! நேராக நடக்கும் ஒருவனை அமர்த்தியதும் குதிரையின் நொண்டல் நீங்கிற்று. நோய் குதிரையின் காலில் இல்லை. அது யாரைப் பார்த்துக் கற்றதோ அங்கே இருந்தது. குற்றம் குதிரையிடமா, அதைப் பிடித்திருக்கும் கையிடமா என்பதை இக்கதை நம்மைக் கேட்க வைக்கிறது.

இக்காலத்தில் கால்நடை மருத்துவர்கள் கூறுவதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். குதிரையின் பற்கள் வாழ்நாளின் பெரும்பகுதியும் ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கின்றன. தேய்மானம் சமமாக இல்லாவிடில், மேல் தாடைப் பற்களின் வெளி விளிம்பு கத்தியைப் போலாகிக் கன்னத்தைக் கிழிக்கிறது. கீழ்த் தாடைப் பற்களின் உள் விளிம்பு நாவைக் கிழிக்கிறது. அப்புண்மேல் கடிவாளத்தின் இரும்பு அழுந்தும்போது, தலையை உதறாமல் அது என் செய்யும்? பொருந்தாத சேணம் முதுகெலும்பின் மேட்டை நசுக்குகிறது. 6 வாரம் முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை திருத்தப்படாத குளம்பு ஒவ்வொரு அடியிலும் வலிக்கிறது. மேய்ச்சலில் விட்டால் நாளில் பாதிக்கும் மேலான நேரம் மேய்ந்துகொண்டே இருப்பது குதிரையின் இயற்கை. அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. அதை லாயத்தில் அடைத்து, இருவேளை தானியத்தை மட்டும் கொட்டினால், வயிற்றில் புண் உண்டாகிறது. பந்தயக் குதிரைகளில் பலவற்றுக்கு இந்நோய் உண்டு. கொள்ளை நிறையப் போட்டு வேலையைக் குறைத்தால், அந்த வலிமை எங்கே போகும்? அது துள்ளலாகத்தான் வெளிப்படும்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நம் மக்கள் எதைப் பார்க்கிறார்கள்? சுழியைப் பார்க்கிறார்கள்! ஆடி மாதத்தில் அந்தியூரில் கூடும் சந்தைக்குச் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். நெற்றியில் ஒரு சுழி இருந்தால் யோகம், வேறிடத்தில் இருந்தால் குடிகேடு என்று சொல்லி விலை பேசுகிறார்கள். மயிர் சுழன்று வளர்ந்திருப்பதால் ஒரு குடும்பம் கெடுமா? வாயைத் திறந்து பல்லைப் பார்க்காதவன், சேணத்தின் அடியில் கையை விட்டுப் பார்க்காதவன், மயிரைப் பார்த்து விதியை முடிவு செய்கிறான். இந்த மூடநம்பிக்கையால் குற்றமற்ற குதிரை குறைந்த விலைக்குத் தள்ளப்படுகிறது. நோயுற்ற குதிரை நல்ல சுழியின் பெயரால் ஏமாந்தவன் தலையில் கட்டப்படுகிறது.

உடலைப் பார்த்த பின்னர் மனத்தைப் பார்ப்போம். குதிரை புல்லைத் தின்னும் பிராணி. ஊனுண்ணும் விலங்குகளுக்கு இரையாகப் பிறந்து, ஓடியே உயிர் பிழைத்த குலத்தது. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் காண்கிறது. ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்திலிருந்து வரும் எதுவும் அதற்குப் புலியே. அது நம்மைத் தள்ளுவது பகையினால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அச்சமோ வலியோதான் தள்ளுகிறது.

நம் உபாசகருடைய குதிரை பந்தயத்தில் பழகியது. அங்கே கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால், அந்தப் பிடிமானத்தின்மேல் சாய்ந்து இன்னும் விரைந்து ஓடவேண்டும் என்பதே அது கற்ற பாடம். இவரோ நிற்கச் சொல்லி வாரை இழுக்கிறார். அது ஓடச் சொல்கிறார் என்று எண்ணுகிறது. இவர் அஞ்சி மேலும் இழுக்கிறார். அது மேலும் ஓடுகிறது. இருவரும் தத்தம் மொழியில் சரியாகவே பேசுகின்றனர். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. இன்னொன்றையும் அவரிடம் கேட்டறிந்தோம். விழுந்த பின்னர் குதிரையை என்ன செய்தீர் என்றபோது, உடனே லாயத்துக்குக் கொண்டுபோய்க் கட்டித் தீனி வைத்ததாகக் கூறினார். தள்ளினால் வேலை முடியும், தீனி கிடைக்கும் என்பதை அக்குதிரை அன்று கற்றுக்கொண்டிருக்கும். கற்பித்தவர் யார்?

அங்குத்தர நிகாயத்தில் நான்கு வகைக் குதிரைகளைப் பகவான் கூறுகிறார். முதலாவது, சாட்டைக்கோலின் நிழலைக் கண்ட அளவிலேயே செய்யவேண்டியதை உணர்கிறது. இரண்டாவது, கோல் மயிரைத் தொட்டபின் உணர்கிறது. மூன்றாவது தோலைத் தைத்தபின்னும், நான்காவது எலும்பைத் தைத்தபின்னும் உணர்கின்றன. இந்நான்கையும் அவர் நல்ல குதிரைகளாகவே எண்ணுகிறார் என்பதைக் கவனியுங்கள். தாமதமாக உணர்ந்ததற்காக நான்காவதை அவர் கழித்துவிடவில்லை. அயலூரில் ஒருவர் துன்புற்றார் அல்லது இறந்தார் என்று கேட்ட அளவில் விழித்துக்கொள்பவர் முதல்வகை மனிதர். தம் உடலையே கடும் நோய் வாட்டிய பின்னர்தான் விழித்துக்கொள்பவர் நான்காம் வகை. நம்மில் பெரும்பாலோர் எவ்வகை என்பதை நாமே அறிவோம். நான்காம் வகையினராகிய நாம் முதல்வகைக் குதிரை மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் செய்யலாமா?

சரி, எவ்வளவு முயன்றும் பயனில்லை என்றால்? அதற்கும் விடை உண்டு. கேசி என்னும் பெயருடைய குதிரைப் பயிற்சியாளர் ஒருவர் பகவானிடம் வந்தார். நீர் குதிரைகளை எவ்வாறு பழக்குகிறீர் என்று பகவான் வினவ, சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கண்டிப்பாலும், சிலவற்றை இரண்டாலும் பழக்குவதாக அவர் கூறினார். எதற்கும் அடங்காவிடில், தம் ஆசிரியர் குலத்துக்கு இழுக்கு நேராதவாறு அதைக் கொன்றுவிடுவதாகவும் கூறினார். பின்னர், தாங்கள் மனிதரை எவ்வாறு பழக்குகிறீர்கள் என்று கேசி திருப்பிக் கேட்டார். தாமும் மென்மையாலும் கண்டிப்பாலும் இரண்டாலும் பழக்குவதாகவும், எதற்கும் அடங்காதவனைக் கொன்றுவிடுவதாகவும் பகவான் மறுமொழி பகர்ந்தார். கேசி திடுக்கிட்டார். கொலை ததாகதருக்கு அடுக்குமா? அப்போது பகவான் விளக்கினார்: அத்தகையவனை இனி அறிவுரை கூறத் தக்கவனல்லன் என்று ததாகதரும் உடன் பயில்வோரும் விட்டுவிடுவதே ஆரியரின் ஒழுங்கில் கொலை எனப்படுவது. கேசி அன்றே மும்மணிகளைச் சரணடைந்து உபாசகரானார்.

இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். எல்லா முயற்சியும் செய்தபின் ஒன்றை விட்டுவிடுவது குற்றமாகாது என்பது ஒன்று. அம்முடிவு கடைசிப் படியில்தான் வரவேண்டும் என்பது மற்றொன்று. மென்மையையும் தக்க கண்டிப்பையும் செய்து பார்க்காதவனுக்குக் கைவிடும் உரிமை இல்லை. கண்டிப்பு என்றால் அடி என்று பொருள் கொள்ளாதீர்கள். சொன்னதைச் செய்த நொடியிலேயே வாரைத் தளர்த்துவது மென்மை. செய்யும்வரை அதே அளவில், கோபமின்றிப் பிடித்திருப்பது கண்டிப்பு. கோபத்தோடு வீசும் சவுக்கு ஒன்றையும் கற்பிப்பதில்லை. வீசியவனுடைய மனம் அடங்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

ஆகவே, விற்பவன் கொடியவன் என்றும், வைத்திருப்பவன் கருணையாளன் என்றும் எண்ணிவிடாதீர்கள். வைத்திருப்பதிலும் அகங்காரம் ஒளிந்திருக்கலாம். நண்பர்களின் நகைப்புக்கு நாணி, ‘இதை அடக்கியே தீருவேன்’ என்று பல்லைக் கடிப்பவன் குதிரைமேல் ஏறவில்லை. தன் மானத்தின்மேல் ஏறியிருக்கிறான். மனைவி மக்களுக்கு உழைத்துப் போடும் கைகளை அதற்காக முறித்துக்கொள்வது வீரமாகாது. ஏறவும் அஞ்சி, விற்கவும் மனமின்றி, நாள்முழுதும் லாயத்தில் கட்டியே வைத்திருப்பதும் கருணையாகாது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனிமையும் அடைப்பும் அதற்குச் சிறையே. அத்தகைய குதிரை 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. ஆறு வயதில் அதைக் கட்டிவைத்தால், எத்தனை ஆண்டுச் சிறைவாசம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி விற்பனையைப் பற்றிக் கூறுவோம். இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐந்து வாணிகங்களுள் உயிர்களை விற்பதும் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. உரையாசிரியர்கள் அதை மனிதரை விற்றல் என்று பொருள் கொண்டனர். ஆகவே தன்னிடமுள்ள ஒரு குதிரையைத் தக்கவரிடம் ஒப்படைத்துப் பொருள் பெறுவதால் மட்டும் ஒருவன் சீலம் கெட்டவனாகான். அது கெடுவது பொய்யினால்தான். நான்காவது சீலமாகிய பொய்யாமை, நாவினால் சொல்லும் சொல்லோடு முடிவதில்லை. தண்ணீர் காட்டாமல் களைக்கச் செய்து நிறுத்தப்பட்ட குதிரை நான்கு கால்களில் நிற்கும் ஒரு பொய். மயக்க மருந்து ஊசி போட்டு நிறுத்தப்பட்ட குதிரையும் அவ்வாறே. மருந்தின் வேகம் மறுநாள் தணியும். ஏறியிருப்பவன் சிறுவனாக இருப்பான். அப்போது நேரும் தீங்குக்கு முதற்சீலமும் முறிந்தது என்றே நாம் கொள்ளவேண்டும்.

விலையில் வஞ்சகம் என்பது புதிதன்று. சுகனு ஜாதகத்தில், பேராசை கொண்ட காசி மன்னன் ஒருவன் வாங்கும் பக்கத்திலிருந்து வஞ்சித்த கதை வருகிறது. வடநாட்டு வணிகர் குதிரைகளை விற்கக் கொண்டுவரும்போது, தன்னிடமிருந்த மகாசோணன் என்னும் கொடிய குதிரையை அவிழ்த்துவிட்டு அவற்றைக் கடிக்கச் செய்து, காயம்பட்டவை என்று விலையைக் குறைத்தான். வணிகர்கள் போதிசத்துவரிடம் முறையிட்டார்கள். அவர் கூறியபடி அடுத்தமுறை அவர்கள் சுகனு என்ற முரட்டுக் குதிரையைக் கொண்டுவந்தனர். இரண்டையும் நேருக்கு நேர் விட்டதும், அவை கடித்துக்கொள்ளவில்லை. ஒன்றையொன்று நக்கிக் கொடுத்தன! ஒத்த இயல்புடையவை ஒன்று சேர்ந்தன என்று போதிசத்துவர் அரசனுக்கு இடித்துரைத்து, நியாயமான விலையைக் கொடுக்கச் செய்தார். குதிரையின் முரட்டுத்தனத்தைத் தன் இலாபத்துக்குக் கருவியாக்கிய அரசனும், அதை மறைத்து இலாபம் தேடச் சொல்லும் தரகரும் ஒரே பாதையில் செல்பவர்கள்தாம்.

நம் உபாசகருக்கும், அவர் நிலையில் உள்ள எவருக்கும், நாம் கூறக்கூடியது இதுவே. முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு வாய், முதுகு, கால், வயிறு ஆகியவற்றைப் பார்க்கச் செய்யுங்கள். அடுத்து, சேணத்தையும் தீனியையும் திருத்துங்கள். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். நாள்தோறும் வெளியில் விடுங்கள். பின்னர், பந்தயக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கிய அனுபவமுள்ள ஒருவரிடம் மூன்று மாதம் ஒப்படையுங்கள். நீங்களும் அவரிடம் மாணவராக இருங்கள். குதிரை மட்டும் கற்று, நீங்கள் கற்காவிடில், கிரிதந்தன் மீண்டும் கடிவாளத்தைப் பிடித்த கதையாகும். மூன்று மாதத்துக்குப் பின்னர் உங்களையே கேளுங்கள். என் திறமைக்கும் என் பொருள்நிலைக்கும் என் நேரத்துக்கும் இக்குதிரை ஏற்றதா? என் வீட்டாருக்கும் தெருவில் செல்வோருக்கும் இதனால் ஆபத்து உண்டா? ஏற்றதாயின் வைத்திருங்கள். இல்லையாயின் விற்பதில் நாணம் வேண்டா.

விற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எத்தனை முறை தள்ளியது, எந்த இடத்தில் மிரண்டது, எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எவருக்கு இது ஆகாது என்பவற்றை எழுதியே கொடுங்கள். வாங்குபவர் இரண்டு மூன்று நாள் வந்து, உங்களிடம் பழகிய நிலையிலேயே அதைப் பார்க்கட்டும். சிறுவனுக்கென்று கேட்பவரிடம், எத்தனை பணம் தந்தாலும், இல்லை என்று சொல்லுங்கள். திறமையுள்ளவர் குறைந்த விலை தந்தாலும் அவரிடம் கொடுங்கள். விலை குறைந்ததே என்று வருந்தாதீர்கள். குறைந்த அந்தத் தொகை நீங்கள் வாய்மைக்குச் செலுத்திய தானம். தக்கவர் எவரும் கிடைக்காவிடில், ஏறாமலேயே, வேறு குதிரையோ கால்நடையோ துணையிருக்க, மேய்ச்சல் உள்ள இடத்தில் விட்டு வளர்ப்பதும் ஒரு வழி. எப்படியாயினும் தெருவில் அவிழ்த்துவிடாதீர்கள். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். தம்மத்தின்படியோ அதனினும் பெரிய குற்றம்.

அன்பர்களே, குதிரை இல்லாதவர்கள், இது நமக்கன்று என்று எழுந்து போய்விடவேண்டா. பழுதான சைக்கிளை, ஒழுகும் வீட்டை, ஏதோ ஒரு தொல்லையை, ‘என் கையை விட்டுப் போனால் போதும்’ என்று வாய்மூடி அடுத்தவரிடம் தள்ளிவிட எண்ணாதவர் நம்மில் எத்தனை பேர்? அங்குத்தர நிகாயத்தில் அடங்காக் குதிரையின் எட்டுக் குற்றங்களை எடுத்துரைக்கும் பகவான், அவற்றைத் தவற்றைச் சுட்டிக்காட்டும்போது மனிதர் நடந்துகொள்ளும் விதத்துக்கே ஒப்பிடுகிறார். போ என்றால் பின்வாங்கும் குதிரையைப் போல ஒருவன் எனக்கு நினைவில்லை என்கிறான். ஒருவன் நீ மட்டும் ஒழுங்கா என்று எதிர்த்து உதைக்கிறான். ஒருவன் கேட்டதை விட்டு வேறு வழியில் ஓடுகிறான். ஒருவன் தூணைப் போல வாய்மூடி நிற்கிறான். வாங்க வந்தவர், “இக்குதிரையிடம் ஏதேனும் குறை உண்டா?” என்று கேட்கும்போது வாய்மூடி நிற்பவன் எந்தக் குதிரை என்பதை எண்ணிப் பாருங்கள். லாயத்தில் உள்ளதைப் பழக்க ஒருவரை அமர்த்தலாம். இதைப் பழக்க அவனவனே சாரதி.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க.

நமோ புத்தாய.